லைனில் கரண்ட் இருக்கிறது என்று சொன்னேன்

மின்சார அலுவலகத்தில் எனக்கு உதவிப் பொறியாளர் வேலை கிடைத்ததிலிருந்து, கரண்ட் போனால் எங்கள் தெருக்காரர்கள் புகார் எண்ணுக்குப் போன் செய்வதை விட்டுவிட்டார்கள். அப்பாவிடம் வந்து சொல்வார்கள், அப்பா எனக்குச் சொல்வார். வீடு தங்கச்சிமடத்தில், கடலை ஒட்டிய தெருவில். நான் இருந்தது ராமநாதபுரத்தில். முப்பது வருடம் கடலுக்குப் போன மனிதர், போனை எடுத்தால் மட்டும், "மேடம் வேலையா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

பிறகு அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிய ஆரம்பித்தது. நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வாங்கி வைத்தோம். அது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பெட்டி. அவசரத்துக்கு ஒரு சிறிய சிலிண்டரும் வைத்திருந்தோம். அந்த வாரம் அது காலியாகி, நிரப்புவதற்காக ராமேஸ்வரம் போயிருந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன், அப்போது எங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சொல்ல வேண்டும். துணை மின்நிலையத்திலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெரிய லைன் கிளம்பும். அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அங்கே இருப்பவர் போனில் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். எங்கள் பார்வை துணை மின்நிலையத்தின் கேட்டோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எந்த டிரான்ஸ்ஃபார்மர் செத்துக் கிடக்கிறது, எந்தத் தெரு இருண்டு கிடக்கிறது என்பதெல்லாம் யாராவது போன் செய்து சொன்னால்தான் தெரியும்.

மழையே இல்லாமல் நாலு மாதம் கடல்காற்று மட்டும் அடித்திருந்தது. கம்பங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அன்று காலை வாடைக்காற்றோடு தூறல் விழுந்தது. நல்ல மழையாக இருந்தால் உப்பைக் கழுவிவிடும். தூறல் அதை நனைக்க மட்டும் செய்யும். நனைந்த உப்பு வழியாக மின்சாரம் கம்பத்துக்கு இறங்கும். பத்து மணிக்குள் மூன்று லைன்கள் விழுந்துவிட்டன, அதாவது கரண்ட் அறுந்து நின்றுவிட்டன. அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போவது. இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி இருக்கும், அப்பா கூப்பிட்டார். அன்று மேடம் என்று சொல்லவில்லை.

"தாயி, இங்கன கரண்டு போயிருச்சு."

எதிரே இருந்த தாளைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கான லைன் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குத் துணை மின்நிலையத்தையும் கேட்டேன். "ஓடுது மேடம், லோடு நல்லா இருக்கு" என்றார்கள்.

"அப்பா, லைன்ல கரண்ட் இருக்கு. நம்ம வீட்டுலதான் ஏதோ. பியூஸ் போயிருக்கும், பாருங்க."

"பக்கத்து வீட்டுலயும் இல்லங்கிறாக."

"அவங்க வீட்டுலயும் பியூஸ் போயிருக்கலாம்ப்பா. நான் கேட்டுட்டேன், லைன் ஓடுது. ஆஸ்பத்திரி லைன் விழுந்து கெடக்கு, நான் அப்புறம் கூப்பிடறேன்."

"சரி தாயி. நீ வேலையப் பாரு."

என் குரலில் எரிச்சல் இருந்தது. அதை நானே கேட்டேன். போனை வைத்த பிறகும் அது ஒரு கணம் என் வாயில் தங்கியிருந்தது. உடனே அடுத்த போன் வந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். அப்பாவை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள், உதடு நீலமாகிவிட்டது, பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்குத்தான் வருகிறார்கள், நீ ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடு என்றார்.

அப்பா நாலு நாள் இருந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்தது. முகமூடியை விலக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து எனக்குச் சொன்னார்.

"பியூசு நல்லாத்தான் இருந்துச்சு தாயி. ரெண்டு கட்டையவும் கழட்டிப் பாத்தேன். கம்பி அத்துப் போகல."

வேலையைச் சரியாகத்தான் செய்தேன் என்று மேலதிகாரியிடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். "சரிப்பா, பேசாதீங்க" என்று முகமூடியை எடுத்து மாட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் முழு வாக்கியமாக இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், அன்றைய ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தேன். எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் மேலே இருக்கும் பியூஸ் எரிந்து போயிருந்தது. பெரிய லைனில் கரண்ட் இருந்தது உண்மை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் அது வரவில்லை என்பதும் உண்மை. அறுபது வீடு, ஒருவர்கூடப் புகார் எண்ணுக்குப் பேசவில்லை. ஏன் என்று தெருவில் கேட்டேன். "ஒங்கப்பா ஒனக்குச் சொல்லிட்டேன்னாரே, பெறகு நாங்க எதுக்கு?" என்றார்கள்.

அதன்பின் இரண்டு வருடம் அதே நாற்காலியில்தான் வேலை பார்த்தேன். யாராவது கரண்ட் இல்லை என்று சொன்னால், லைன் ஓடுகிறது என்று மறுபடி நான் சொல்லவே இல்லை. ஆளை அனுப்பினேன். பாதி நேரம் வீட்டு பியூஸாகத்தான் இருக்கும், லைன்மேன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஸ்மார்ட் கிரிட் பற்றிய பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். வகுப்பெடுத்தவர் இளைஞர், கெட்டிக்காரர். இனி ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரும் தன் நிலையைத் தானே சொல்லும், பழுதான இடத்தை மட்டும் தனியே வெட்டிவிட்டு மற்ற பகுதிக்கு வேறு பக்கத்திலிருந்து மின்சாரத்தைத் திருப்பிவிடலாம் என்று படம் போட்டுக் காட்டினார். "வீட்டு மீட்டர்கூட, கரண்ட் போன அந்த நொடியில, கடைசியா ஒரு செய்தி அனுப்பிட்டுத்தான் அணையும். ஜனங்க போன் பண்ணவே வேண்டியதில்ல" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர் குடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். புயலில் செல்போன் டவர் விழுந்தால் அந்தச் செய்தி எப்படி வரும் என்று கேட்டேன். "அப்ப வராது மேடம்" என்றார் நேர்மையாக.

சோதனை முயற்சியாகச் சில தெருக்களை எடுத்தபோது எங்கள் தெருவையும் கேட்டு வாங்கினேன். மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிற வீடுகள் எங்கள் அலுவலகத் திரையில் தனி நிறத்தில் தெரிய வேண்டும் என்றும் கேட்டேன். திட்டத்தில் அது இல்லை என்றார்கள். மூன்று கடிதம் எழுதினேன். அதற்குள் நானே தெருத்தெருவாகப் போய் விசாரித்து, அந்த வீடுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நாலாவது கடிதத்துக்குச் சரி என்றார்கள்.

மீட்டர் மாட்டப் போனபோது தெருவில் பயம் இருந்தது. வேகமா ஓடுமாமே, நாம வீட்டுல இருக்கமா இல்லையான்னு காட்டிக் கொடுக்குமாமே என்று கேட்டார்கள். பொறுமையாகப் பதில் சொன்னேன். அம்மா வாசலில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டு, "இது இத்தன நாளா எங்க இருந்துச்சு?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே நகர்ந்து வழிவிட்டு, "மாட்டுங்க" என்றாள் ஆட்களிடம்.

ஒரு முற்பகல், திரையில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் சிவப்பானது. அதன்கீழ் வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆட்களை அனுப்பினேன். அரை மணிக்குள் சரியானது. ஒரு போன்கூட வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர் கை குலுக்கினார். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கரண்டு போச்சா? நான் கொல்லையில கருவாடு காயப் போட்டுக்கிட்டு இருந்தேன், பாக்கலையே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று பியூஸைப் பார்க்கச் சொன்னது நான்தான் என்று.

அவள் சேலையைக்கூட மாற்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும். பியூசப் பாக்க அவரு ஏறுன ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு நின்னவளே நான்தான."

"ஏம்மா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எறங்கும்போதே அவருக்கு மூச்சு முட்டிருச்சு. மறுபடி போன் பண்ணுங்கன்னேன். 'அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும், வேலை நேரத்துல புள்ளயத் தொந்தரவு பண்ணாத'ன்னாரு. நானும் விட்டுட்டேன். போன் என் கையிலதான் இருந்துச்சு."

இத்தனை வருடமாக ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் தலையைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. வெயில் முற்றத்திலிருந்து வாசல்படிக்கு ஏறும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.