டீ என்று சொன்ன கறை

"இது என்ன பட்டுச்சு?"

என் சித்தி இருபத்திரண்டு வருடங்களாகத் தினமும் ஐம்பது தடவையாவது கேட்கும் கேள்வி இது. ஒரு நாள் என்னிடமும் கேட்டாள், நாலு பேர் சுற்றி நிற்கும்போது. பள்ளி இறுதித் தேர்வில் தெரியாத கேள்விக்கெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தவள் நான். தெரிந்த கேள்விக்கு அன்று என்னால் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு லாண்டரியில் கறை எடுப்பவள். பத்தொன்பது வயதில் துணி மடிக்கச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதம், எல்லோரும் துரு என்று தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சட்டையை முகர்ந்து பார்த்து, "இது இருமல் மருந்து" என்றாள். அன்றிலிருந்து ஜன்னலோரம் இருக்கும் கறை மேசை அவளுடையது. தகடு போர்த்திய மேசை, மேலே ஒரு வெள்ளை விளக்கு, பழைய பல் துலக்கும் பிரஷ்கள் ஏழு. எண்ணெய்க்குச் சாக்பீஸ் தூள், பேனா மைக்கு ஸ்பிரிட், துருவுக்கு எலுமிச்சையும் உப்பும், துணியில் ஒட்டிய சூயிங்கத்துக்கு ஐஸ் கட்டி. இவற்றை வைத்துக்கொண்டு ஊரின் மானத்தைக் காப்பாற்றி அனுப்புவாள். ஊரும் நன்றியோடு, அடுத்த வாரம் வேறு கறையோடு வரும்.

லாண்டரியில் விரல் வைத்து வருகை பதியும் கருவி ஒன்று வந்தது. வந்த நாளிலிருந்து சித்தி வேலைக்கே வருவதில்லை. அப்படித்தான் கருவி சொல்கிறது. மருந்துகளில் ஊறி ஊறி அவள் விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. எதிரே நிற்கிற மனுஷியை நம்புவதா, கருவியை நம்புவதா என்று நிர்வாகம் ஒரு வாரம் யோசித்தது. கடைசியில் பெருந்தன்மையோடு ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அவளுடைய வேலை மூன்று கேள்விகளில் நடக்கும். என்ன பட்டுச்சு, எப்போ பட்டுச்சு, அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க. மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான துணிகள் இறந்துபோகும். எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் துணியோடு நிறுத்தவில்லை. எலுமிச்சை எல்லாக் கறையையும் எடுக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, பளிங்குத் தரையில் இருந்த ஒரு சின்ன மை வட்டத்தின்மீது நாலு பழம் பிழிந்து இரண்டு மணி நேரம் ஊற வைத்தார். சித்தியைக் கூட்டிப்போய்க் காட்டினார். மை மங்கியிருந்தது. சுற்றி ஒரு முழம் அகலத்துக்குப் பளபளப்பும் போயிருந்தது.

"கறை போச்சு. அது தனியா போக பயந்து தரையையும் கூட்டிட்டுப் போயிடுச்சு" என்றாள் சித்தி.

"இப்ப என்னம்மா பண்றது?"

"பாய் வாங்குங்க. பெருசா வாங்குங்க."

ஆனால் அவள் வீட்டு அடுப்படிச் சுவரில் எட்டு வருடமாக ஓர் எண்ணெய்க் கறை ஆனந்தமாக வாழ்கிறது. சித்தப்பா ஒரு தடவை கேட்டுவிட்டார். "லாண்டரிக்கு வந்தா அது கறை. வீட்டுல இருந்தா குடும்பம்" என்று பதில் வந்தது. பிறகு அவர் கேட்கவில்லை.

முதல் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை என்பது சித்தியின் வாழ்நாள் ஆராய்ச்சி. எங்கள் பகுதியில் சிந்தும் காப்பியையும் டீயையும் சேர்த்தால் ஒரு குளம் வெட்டலாம். தலையணை உறையில் தலைச்சாயம்: காப்பி. கணவர் சட்டைக் காலரில் உதட்டுச்சாயம்: காப்பி, அதுவும் ரோஜா நிறக் காப்பி. டாக்டர் விடச் சொன்ன மதுவை இன்னும் விடாதவரின் கால்சட்டை: டீ. சித்தி எதிர்த்துப் பேச மாட்டாள். துணியை மூக்கருகே கொண்டுபோவாள், தலையாட்டுவாள், சரியான மருந்தை எடுப்பாள். "அவங்க வாய் பொய் சொல்லும், துணி சொல்லாது" என்பாள்.

இப்போது மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் முதலாளி அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். பெண் கொடுக்காத நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். மாப்பிள்ளை மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு, நீல நிறத்தில் ஒரு பீப்பாயோடு திரும்பி வந்தார். எல்லாக் கறைக்கும் அந்த ஒரே மருந்து. அடித்தால் போதும், கேள்வி கேட்க வேண்டாம்.

"இனிமே இந்த மேசை எதுக்கு? இடத்தை அடைச்சுட்டு நிக்குது" என்றார் மாப்பிள்ளை. "அக்காவை மேல ஸ்டீம் பிரஸ்ஸுக்கு அனுப்பிடலாம்."

மேல்தளத்து ஸ்டீம் பிரஸ் அறையில் ஜன்னல் கிடையாது. நீராவி நாள் முழுக்கத் தொங்கும். சித்திக்கு மூச்சு இழுப்பு உண்டு. கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டாள். ஆக, போகப்போவது ஒரு மேசை மட்டுமல்ல. இது லாண்டரியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் எல்லோரும் மிகவும் அக்கறையாக வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல், வீட்டில் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்த காலம் அது. சித்தி ஒரு மேலங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், முன்னறையில் இருந்த வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு வெள்ளைப் பருத்தி உறை. லாண்டரியின் பெருமையே அந்த உறைதான். முதலாளி தினமும் வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

பதினைந்து நிமிடம் கழித்து எழுந்தேன். திரும்பிப் பார்த்தேன். வெள்ளையில் ஒரு சிவப்பு வட்டம், பெரிய பொத்தான் அளவுக்கு. நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. நான் போட்டிருந்தது கருநீலக் கால்சட்டை, அதில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் பையை அதன்மேல் வைத்துவிட்டு ஓடியிருப்பாள். நான் கறை எடுப்பவளின் அக்கா மகள், எனக்கு அறிவு அதிகம். வெள்ளைப் பருத்தியில் பட்ட டீ சுலபமாகப் போய்விடும் என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடையில் சித்தியின் பிளாஸ்க் இருந்தது. பால் சேர்க்காத டீ, ஆவி பறக்கும் சூடு. மூடியைத் திறந்து அந்த வட்டத்தின்மேல் தாராளமாக ஊற்றினேன். அவ்வளவுதான், மறைந்துவிட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஐயோ, டீயா கொட்டிட்டே?" என்று கவுண்டரில் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சுக்கா."

மாப்பிள்ளை வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, மலர்ச்சிதான் இருந்தது. "நல்லதாப் போச்சு. இதுலயே பார்த்துடலாம். அக்கா முதல்ல எடுக்கட்டும். அவங்களால முடிஞ்சா மேசை இருக்கட்டும். இல்லேன்னா நம்ம மருந்து." மாமனாரையும் அறையிலிருந்து கூப்பிட்டார். இஸ்திரி அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உறையைக் கழற்றி விளக்கின்கீழ் விரித்தாள்.

"இது என்ன பட்டுச்சு?"

"டீ" என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் முகர்ந்து பார்த்திருப்பாள். நான் சொன்னதால் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் சோதிக்காமல் நம்பிய பதில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உறையை ஒரு பாத்திரத்தின் வாயில் இறுக்கிக் கட்டி, கொதிக்கும் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினாள். வெள்ளைப் பருத்தியில் பட்ட வெறும் டீக்கு அதுதான் வைத்தியம். டீ போயிற்று, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். நடுவில், பெரிய பொத்தான் அளவுக்கு, பழுப்பாக ஒரு வட்டம் மட்டும் கெட்டியாக நின்றது.

ரத்தத்துக்குச் சூடு ஆகாது. பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும்; சூடு பட்டால் அது நூலுக்குள் வெந்து பிடித்துக்கொள்ளும். முதல் சூட்டை நான் ஊற்றினேன், இரண்டாவதை அவளை ஊற்ற வைத்தேன்.

சித்தி அந்த வட்டத்தைப் பார்த்தாள். இப்போது குனிந்து முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் கால்சட்டையைப் பார்த்தாள்.

"இது என்ன பட்டுச்சு?" இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

முதலாளி, மாப்பிள்ளை, இஸ்திரி அண்ணன், கவுண்டர் அக்கா. எட்டுக் கண்கள். நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"என் கணிப்பு தப்பு" என்றாள் சித்தி.

மாப்பிள்ளை நீல மருந்தை அடித்தார். வட்டம் அசையவில்லை. அதைச் சுற்றி மஞ்சளாக இன்னொரு வட்டம் வந்து சேர்ந்துகொண்டது. துணியைச் சித்தி ஏற்கெனவே கெடுத்துவிட்டதால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று மாப்பிள்ளை தீர்ப்புச் சொன்னார். பயிற்சி வகுப்பில் அதையும் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் முதலில் பேசினேன்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே சித்தி."

"கறை உன்னோடது. நான் எப்படிச் சொல்றது?"

"சொன்னா என் மானம் போயிருக்கும்."

"அது என்ன துணி, பருத்தியா பட்டா?" என்றாள். "பருத்தின்னா துவைச்சுக்கலாம்." திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் கறை மேசை கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குப் போனது. சித்தி மேலே போனாள். நான் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு வேறு வழியாக நடக்கப் பழகினேன். லாண்டரியில் நீல மருந்து ஆட்சி செய்தது. ஒரு பட்டுக் கழுத்துத்துணியில் பேனா மை ஒரு புள்ளியாக வந்து, மேகமாகத் திரும்பிப் போனது. மாப்பிள்ளை அதை ஆரம்பக்காலச் சிரமம் என்றார்.

பன்னிரண்டாம் நாள் மாலை, எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தும் மூச்சு சேரவில்லை. அம்மா முதுகைத் தடவினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "பச்சைத் தண்ணிதானே?" என்றாள் சித்தி. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போனேன்.

"ஐயா, அன்னிக்கு நாற்காலில பட்டது டீ இல்ல."

"சரி விடும்மா, பழசு."

"ரத்தம். எனக்கு மாசாமாசம் வர்றது. மறைக்கத்தான் மேல டீயை ஊத்தினேன். சித்திகிட்டப் பொய் சொன்னேன். அதான் போகல."

முதலாளிக்கு அறுபது வயது. மனைவி உண்டு, மூன்று பெண்கள் உண்டு, ஊரின் அழுக்கையெல்லாம் முப்பது வருடமாகத் துவைத்தவர். அவர் காது இரண்டும் சிவந்தன. சுவரில் இருந்த நாள்காட்டியை மிகுந்த கவனத்தோடு படிக்க ஆரம்பித்தார்.

"சரிம்மா. புரிஞ்சுது. போதும்."

"ரத்தம்னு தெரிஞ்சிருந்தா பச்சைத் தண்ணில போட்டிருப்பாங்க. ரத்தத்துக்குச் சூடு ஆகாது."

"சரிம்மா."

"ரத்தம் பட்ட உடனே..."

"மாப்பிள்ளை" என்று அவர் வெளியே பார்த்துக் கத்தினார். மாப்பிள்ளை ஓடி வந்தார். "அந்த மேசையை எடுத்துட்டு வந்து ஜன்னல்கிட்டப் போடுங்க. அக்காவைக் கீழ வரச் சொல்லுங்க."

"ஏன் மாமா?"

"போடுங்கன்னா போடுங்க."

காரணத்தை மாப்பிள்ளைக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மாமாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் காப்பாற்றாத மேசையை, ஒரு பெரிய மனிதரின் கூச்சம் நாலு நிமிடத்தில் காப்பாற்றியது. அவர் இன்னும் யோசித்திருந்தால் அந்தச் சொல்லை இன்னும் பத்துத் தடவை சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன்.

சித்தி கீழே வந்து பிரஷ்களை எண்ணிப் பார்த்தாள். ஏழும் இருந்தன. அந்த உறையைத் தேடி எடுத்து, ரத்தக் கறைக்கென்று இருக்கும் பொடியைக் கரைத்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்தாள். முக்கால்வாசி போயிற்று. கால்வாசி இன்னும் இருக்கிறது. நாற்காலிக்கு இப்போது பழுப்பு உறை.

ஒன்றே ஒன்று மாற்றினாள். கவுண்டரில் ஒரு டப்பாவும் துண்டுச் சீட்டுகளும் வைத்தாள். என்ன பட்டது என்று வாயால் சொல்ல வேண்டாம், துணியின் எண்ணைப் போட்டு எழுதிப் போட்டால் போதும், அவள் மட்டும் பிரிப்பாள். முதல் வாரத்திலேயே எங்கள் பகுதியில் காப்பி சிந்துவது அதிசயமாகக் குறைந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மட்டும் இன்னும் டீ என்றுதான் எழுதுகிறார். அவருடையது உண்மையிலேயே டீ, பாவம், சித்தியே முகர்ந்து பார்த்துத்தான் நம்புகிறாள்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, வெள்ளை உறை போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்பிப் பார்க்கப் பயப்படும் ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால், அவளிடம் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீர் என்று சொல்லுங்கள். கையில் பிளாஸ்க் இருந்தால் முதலில் அதை வாங்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.