திரும்பி வரும் தட்டுகள்

சுவிட்சர்லாந்தின் ஆராவ் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஓர் அமெரிக்க உணவகம் இருக்கிறது. சுவரில் எருமைக் கொம்பு, வாசலில் குதிரைச் சேணம். உள்ளே போனால் பர்கர், விலா எலும்பு, மிளகாய் போட்டு வேகவைத்த மாட்டிறைச்சி, மக்ரோனி சீஸ், அப்பிள் பை. சனிக்கிழமையில் சொல்லிவைக்காமல் போனால் இடம் கிடைக்காது. அங்கே சாப்பிடும் சுவிஸ்காரரிடம் சமைப்பது யார் என்று கேட்டால், டெக்சாஸிலிருந்து வந்த யாரோ தொப்பிக்காரர் என்றுதான் சொல்வார். சமைப்பது என் சிநேகிதி கலாவதி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரி. மாட்டிறைச்சியை இன்றுவரை வாயில் வைக்காதவள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் சமையல்காரிதான். பேர்ணில் ஆஸ்பத்திரிக் குசினியில் நோயாளிகளுக்கு அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சுகிறவள். எந்தச் சட்டியைக் கண்டாலும் கரண்டியை விட்டு ருசி பார்க்காமல் என்னால் அந்த இடத்தைக் கடக்க முடியாது. கலாவதி நேர் எதிர். சமைக்கும்போது எதையுமே நாக்கில் வைக்கமாட்டாள், வெறும் பருப்பைக்கூட. சாமிக்குப் படைக்கப் போவதை யாரும் ருசி பார்ப்பதில்லை அல்லவா? அந்தப் பழக்கத்தை அப்படியே அமெரிக்கச் சமையலுக்கும் கொண்டுபோய்விட்டாள்.

அவள் அகதியாக வந்த காலத்தில் கிடைத்த முதல் வேலை அந்த உணவகத்தில் பாத்திரம் கழுவுவது. மற்றவர்கள் தட்டில் கிடப்பதை வழித்துக் கொட்டிவிட்டு இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். இவள் ஒவ்வொன்றையும் பார்ப்பாள். பர்கரின் அடிப்பாண், அதாவது கீழ் ரொட்டி, மட்டும் ஊறிப்போய்த் திரும்பி வந்தால், பாணை வாட்டாமல் அடுக்கியிருக்கிறார்கள். எலும்பில் சதை ஒட்டிக்கிடந்தால், அவசரப்பட்டு இறக்கியிருக்கிறார்கள். தட்டின் ஓரத்தில் சோஸ் குளமாக நின்றால், இனிப்புக் கூடிவிட்டது. இப்படிப் பார்த்துப் பார்த்தே அந்தச் சமையல் முழுவதையும் பின்பக்கமாக இருந்து படித்துவிட்டாள்.

ஒருநாள் அப்போதிருந்த சமையல்காரர் முதலாளி ரூடியோடு சண்டை பிடித்துக்கொண்டு, நடுச்சமையலில் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். ரூடி அடுப்பும் தானுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தள்ளுங்கள், நான் செய்கிறேன்" என்றாள். அவளுக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அன்று தொடங்கியது. இறைச்சி வெந்ததா என்று விரலால் அழுத்திப் பார்ப்பாள். இரும்புத் தகட்டில் விழும் சத்தத்தில் சூட்டை அறிவாள். பிறகு தட்டு திரும்பி வரும்வரை காத்திருப்பாள்.

ஜெர்மன் படித்ததும் அங்கேதான். ரூடிக்கு ஒரு பைத்தியம். எந்த அமெரிக்கச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்ற கதையை மேசைக்கு விரிக்கும் கடதாசியில் அச்சடித்து வைத்திருந்தார். பர்கரின் கொத்திறைச்சியும் அதன் பெயரும் ஹம்பேர்க் துறைமுகத்தால் கப்பலேறிப் போனவை. கெச்சப் தென்சீனத்து மீன் சோஸாக இருந்து, பல கை மாறித் தக்காளியானது. அப்பிள் பை இங்கிலாந்துக்காரருடையது. ஹொட் டோக்கின் சொசேஜ் ஜெர்மன்காரருடையது. மிளகாய் போட்ட இறைச்சி டெக்சாஸில் இருந்த மெக்சிகோ வழிப் பெண்கள் தெருவில் வைத்து விற்றது. இவ்வளவும் ஏன், நியூயோர்க்கில் முதன்முதலில் பெரிய உணவகம் நடத்திப் பேரெடுத்தவர்கள் இங்கே டெசின் மலைப்பக்கத்திலிருந்து போன இரண்டு சகோதரர்கள். கலாவதி அந்தக் கடதாசிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். வாடகை வீடு கேட்கத் தெரிவதற்கு முன்பே அவளுக்குக் கெச்சப்பின் பூர்வீகம் ஜெர்மனில் சொல்லத் தெரிந்திருந்தது.

"அந்த மண்ணிலை முதலே இருந்த சனத்தின்ரை சோளத்தையும் மிளகாயையும் விட்டால், மிச்சமெல்லாம் எங்களைப் போலப் பெட்டியோடை வந்து இறங்கினதுதான், சுமி" என்பாள் என்னிடம். "அந்த மிளகாயைத்தான் நாங்கள் எடுத்து இடிச்சு, எங்கடை தூள் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம்."

போன வருடம் ரூடிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. கடையை விடப்போவதாகச் சொன்னார். கலாவதி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நான் எடுக்கிறேன்" என்றாள். உணவகம் நடத்துவதற்கான பரீட்சையையும் எழுதிப் பாஸ் பண்ணினாள். ஆனால் கட்டடம் ரூடியுடையது அல்ல. அது திருமதி ஹுன்சிக்கர் என்ற மூதாட்டியுடையது. அவருடைய கணக்கு வழக்கைப் பார்க்கும், மகன் முறையான பெறாமகன் மார்ட்டினுக்கு இதில் விருப்பமில்லை. சூரிச்சிலிருந்து ஒரு கம்பனி சுஷிக் கடை போடக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் மூதாட்டிதான், "முதலில் அந்தப் பெண்ணின் கையால் சாப்பிட்டுப் பார்ப்போம். பிறகு முடிவு சொல்கிறேன்" என்றார். முடிவு சரிவராவிட்டால், ஐம்பது தாண்டிய கலாவதி இன்னொருவர் குசினி வாசலில் போய் மறுபடி பாத்திரம் கழுவும் வேலை கேட்க வேண்டும். அதைச் சொல்லி நான் புலம்பினேன். அவளோ, "எனக்கு ஏன் தராமல் விடப்போகினம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உணவகம் பூட்டியிருக்கும் ஒரு திங்கட்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார்கள். நான் லீவு போட்டுவிட்டு ஆராவுக்குப் போனேன். கலாவதியின் கணவர் தவராஜா அண்ணையும் ஷ்லீரனிலுள்ள தொழிற்சாலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உதவிக்கு நின்றார். அங்கேதான் பிசகு நடந்தது.

தவராஜா அண்ணை பேர்ண் கோயில் குசினியில் அன்னதானச் சமையலுக்கு நிற்கிறவர். அங்கே ருசி பார்க்கிற பேச்சே இல்லை. கொதி வரும்போது சட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் கைக்கணக்கில் உப்பைப் போட்டுவிட வேண்டும். அதுதான் ஒழுங்கு. அன்று கலாவதி மக்ரோனிக்கான சீஸ் கலவைக்கு உப்புப் போட்டுவிட்டு அப்பிள் பையைப் பார்க்கப் போனாள். கலவை கொதித்தது. பக்கத்தில் நின்றவர் தவராஜா அண்ணை. மனுஷன் கோயிலில் போடுவது போலவே ஒரு கை நிறைய எடுத்துப் போட்டுவிட்டார். மனைவியும் ருசி பார்க்கமாட்டாள், கணவரும் ருசி பார்க்கமாட்டார். மக்ரோனியையும் கொட்டிக் கிளறியாகிவிட்டது. வழக்கம்போல நான்தான் கரண்டியை விட்டேன்.

"ஐயோ, இதென்ன கடல் தண்ணி!"

கலாவதி திரும்பினாள். "நான் அளவாத்தானே போட்டனான்?"

தவராஜா அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. "கொதி வந்திட்டுது... நான்தான் பக்கத்திலை நிண்டனான்..."

"இஞ்சாருங்கோ, நீங்களும் போட்டனீங்களோ?"

"ஓம். கோயிலிலை அப்பிடித்தானே."

மூதாட்டியும் மார்ட்டினும் வர அரை மணித்தியாலம்கூட இல்லை. புதிதாகச் செய்யச் சீஸும் இல்லை. மனுஷனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் வாயைத் திறந்தபோது, கலாவதி ஒரு கூடையை என் முன்னால் தள்ளினாள்.

"உருளைக்கிழங்கு. கெதியா தோலைச் சீவு."

"இப்ப ஏனடி கிழங்கு?"

"மக்ரோனியும் சீஸும் அமெரிக்கன்ரை சீதனமோ? இஞ்சை மலையிலை மாடு மேய்க்கிறவையும் இதைத்தானே சமைக்கினம், கிழங்கு போட்டு. உப்பில்லாமல் கிழங்கை அவிச்சுப் போடுவம். கிறீமும் கொஞ்சம் விடுவம். வெங்காயத்தைப் பொரிச்சு மேலை போட்டால் சரி. பைக்கு வெட்டின அப்பிள் மிச்சம் கிடக்கு, அதை மசிச்சுப் பக்கத்திலை வைப்பம்."

அது உண்மைதான். சுவிஸில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த மலைக்காரர் மக்ரோனி தெரியும். அப்பிள் மசியலோடு தொட்டுச் சாப்பிடுவார்கள். நான் சீவினேன், தவராஜா அண்ணை வெட்டினார். உப்புப் போத்தலை நான் என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன்.

சரியாகச் சொன்ன நேரத்துக்கு மூதாட்டியும் மார்ட்டினும் ரூடியும் வந்தார்கள். பர்கரும் இறைச்சியும் மக்ரோனியும் மேசைக்குப் போயின. பின்னால் பை போனது. நான் குசினிக் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் ஜெர்மனில் பேசியதை இங்கே நம் தமிழில் தருகிறேன்.

மார்ட்டின்தான் முதலில் தொடங்கினார். "இது அமெரிக்க உணவகம் அல்லவா? எங்கள் மலைச் சாப்பாடு இங்கே எப்படி வந்தது?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது கதை அளந்திருப்பார்கள். மேசையருகே நின்ற கலாவதி, "உப்புக் கூடிவிட்டது" என்றாள். "நானும் போட்டேன், என் கணவரும் போட்டுவிட்டார். கிழங்கு போட்டுச் சரி செய்தேன்."

ரூடி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மூதாட்டி மட்டும் தலை நிமிராமல் அப்பிள் மசியலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ருசி பார்க்கவில்லையா?" என்று மார்ட்டின் மறுபடி கேட்டார்.

"பார்ப்பதில்லை. எதையும்."

"இந்தப் பர்கரையும்?"

"நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஒருநாளும் சாப்பிட்டதில்லை."

மார்ட்டின் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "தான் சாப்பிடாததை விற்கிறவரை நம்பி எப்படிக் கடையைக் கொடுப்பது?" என்று கேட்டுவிட்டு, பர்கர் இருந்த ஒரு தட்டை அவள் பக்கம் தள்ளினார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். "ஒரு கடி கடியுங்கள். நானே என் சித்தியிடம் உங்களுக்காகப் பேசுகிறேன்."

உண்மையைச் சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் நின்ற நான், "கடியடி, ஒரு கடிதானே, ஆர் பாக்கப் போகினம்" என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு கடியில் கடை வந்துவிடும். கலாவதி அந்தத் தட்டை எடுத்து, மிக மரியாதையாக, அவர் முன்னாலேயே திரும்ப வைத்தாள்.

"மாட்டேன்" என்றாள். "இந்தச் சாப்பாட்டை அமெரிக்காவில் செய்து பெயர் வாங்கியவர்களில் பாதிப்பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். உங்கள் டெசின்காரர்களும் போயிருக்கிறார்கள். கையில் வேலை இருந்தது, செய்தார்கள். நானும் வெளியிலிருந்து வந்தவள்தான். சமைப்பது என் வேலை, சாப்பிடுவது உங்கள் வேலை. நன்றாக இருந்ததா என்று நான் உங்களிடம் கேட்கவே போவதில்லை. உங்கள் தட்டு உள்ளே வந்ததும் எனக்குத் தெரிந்துவிடும்."

சொல்லிவிட்டுத் திரும்பிக் குசினிக்குள் வந்துவிட்டாள். "எல்லாம் போச்சு" என்றேன். தவராஜா அண்ணை ஒரு மூலையில் போய் இருந்துவிட்டார்.

"என்ன போச்சு? கோப்பையள் இன்னும் வரேல்லை" என்றாள் கலாவதி. தட்டைக் கோப்பை என்றுதான் அவள் சொல்வாள்.

கதவு திறந்தது. பணியாளர் யாரும் அன்று இல்லை. திருமதி ஹுன்சிக்கர்தான் நின்றார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் அவர் சாப்பிட்ட தட்டும் அதன்மேல் பைத் தட்டும். நான் ஓடிப்போய் வாங்கக் கையை நீட்டினேன். எனக்குத் தரவில்லை. நேரே கலாவதியிடம் போய் நீட்டினார்.

"தட்டைப் பார்த்தால் தெரியும் என்றீர்களே. என்னுடையதைப் பாருங்கள்."

கலாவதி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பெரிய தட்டில் மக்ரோனியின் அடையாளமே இல்லை. பர்கரில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. பைத் தட்டில் மட்டும் மாவின் ஓரம் வளையமாகக் கிடந்தது. அதை விரலால் அழுத்தினாள்.

"பையின் நடுப்பகுதியைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஓரத்தை ஒருதரம் கடித்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறீர்கள். பல் வலிக்கிறது உங்களுக்கு. உப்புக் கலவரத்தில் நான் பையை அதிக நேரம் சூட்டில் விட்டுவிட்டேன், மாவு இறுகிவிட்டது. அடுத்த முறை ஓரத்தை மெல்லியதாகத் தட்டுகிறேன்."

மூதாட்டி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அடுத்த முறை என் பிறந்தநாளுக்கு வருவேன். குடும்பம் முழுவதும் வரும். அப்போது ரூடி வீட்டில் முழங்காலை நீட்டிக்கொண்டு இருப்பார். நீங்கள்தான் இங்கே முதலாளி."

"உங்கள் பெறாமகன் மார்ட்டின்?" என்று கலாவதி கேட்டாள்.

"அவனா? எட்டிப் பாருங்கள். பாணால் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான், துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவு மூடியதும் கலாவதி மூலையைப் பார்த்துத் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, அந்த மனுசியின்ரை பிறந்தநாளுக்கு நீங்களும் வாங்கோ. ஆனால் உப்புப் பக்கம் வரப்படாது."

தவராஜா அண்ணை தலையை ஆட்டினார். அழுதது நான்தான். கலாவதி அழவில்லை. இயந்திரம் பக்கத்திலேயே இருக்க, மூதாட்டி கொண்டுவந்த அந்தத் தட்டைக் குழாயடியில் பிடித்துத் தன் கையாலேயே கழுவி, துடைத்து, தன் கடையின் அடுக்கில் வைத்தாள்.