இடைவேளைத்தொப்பூர்

நடிகரைப் பற்றி முகநூலில் எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுவது கோழைத்தனம் என்பது எங்கள் ரசிகர் கூட்டத்தின் கொள்கை. அனல்பறக்கும்அறிமுகக்காட்சி, அரங்கமதிரும்ஆட்டம் என்று ஒரே மூச்சில் ஒட்டி எழுதுவேன். பெண் என்று தெரிந்தால் இன்பாக்ஸில் வந்து வழிவார்களே என்று, 'முதல்காட்சிவெறியன்' என்கிற ஆண் பெயரில்தான் எழுதினேன்.

கட்டையில் போகிறவன் ஒருவன் மட்டும் வருடக்கணக்கில் என் உயிரை வாங்கினான். என் தலைவர் படம் எது வந்தாலும் 'இடைவேளைத்தொப்பூர்' என்பான். முதல் பாதி ஒழுங்காக ஓடி, இடைவேளைக்குப் பிறகு தொப்பூர் கணவாயில் தக்காளி லாரி மாதிரி கவிழ்ந்துவிட்டதாம். வயிறு எரியுமா எரியாதா? 'ஓசிடிக்கெட்ஒப்பாரி' என்று நானும் அவனுக்குப் பெயர் வைத்தேன். "ஆம்பளையா இருந்தா தருமபுரி நாலு ரோட்டுக்கு வாடா" என்று ஒருநாள் சவால் விட்டான். நான் போகவில்லை.

அப்போதுதான் நல்லம்பள்ளியிலிருந்து காரிமங்கலத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேலையை விடச் சொல்லாத மாப்பிள்ளை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இது மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். அம்மா கேசரி கிண்டினாள். காபி நான் போட்டேன், பதற்றத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் மெல்லச் சொன்னார்: "கேசரி சூப்பர். காபிதான் இடைவேளைத்தொப்பூர்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "டேய் ஓசிடிக்கெட்ஒப்பாரி! நீயா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"முதல்காட்சிவெறியன்... நீங்களா? அன்னிக்கு நாலு ரோட்டுல வெயில்ல காஞ்சுக்கிட்டு நின்னேங்க. ஏன் வரல?"

"ஆம்பளையா இருந்தா வான்னுதானங்க சொன்னீங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றும் புரியாத அவருடைய அப்பா, "பொண்ணுகிட்ட தனியா ஏதாச்சும் பேசணுமாப்பா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. நாங்க வருசக்கணக்கா பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அடிப்பாவி, லவ்வா?" என்று அம்மா மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டாள். "மொதல்லயே சொல்லியிருந்தா வடையும் சுட்டிருப்பேனேடி!"

எங்களுடையது காதல் கல்யாணம் என்றுதான் அம்மா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் மறுப்பதில்லை. காபி மட்டும் அவர்தான் போடுகிறார்.