ஹவுழில் விட்ட வண்ணாத்தி மீன்

பழைய ரப்பரின் வாடையும் அதற்குள் அடைபட்ட என் சொந்த மூச்சின் வாடையும் கலந்த ஒரு மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த சுழியோடும் கண்ணாடியின் மணம் அது. மூச்சுக்குழாயும் சேர்ந்த அந்தச் சாமானுக்கு எங்கள் வீட்டில் "தண்ணிக்கண்ணாடி" என்று பெயர். வந்தது எனக்குத்தான், ஆனால் அதை உருப்படியாகப் பாவித்தது என்னைவிட இரண்டு வயது மூத்த என் ராத்தா. நான் குழாய்க்குள் தண்ணீர் ஏற்றி இருமிக்கொண்டிருப்பேன். அவள் ஒரே மூச்சில் அடிக்குப் போய் வந்துவிடுவாள்.

கல்முனைக் கரை வெறும் மணல், வண்ண மீன்களுக்கு இங்கே வேலையில்லை. ஆனாலும் கச்சான் காற்று வீசும் காலத்து நீரோட்டத்தில் எங்கோ தூரத்துக் கடலடிக் கற்பாரிலிருந்து சில குஞ்சுகள் வழிதவறி வந்து, கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த கருங்கற்களுக்கிடையே குடியேறிவிடும். மார்கழியில் மழை கொட்டி, மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டிவிட்டு, வெள்ளம் கடலில் இறங்கியதும் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். அந்த மீன்கள் நிறம் மங்கிக் கல்லோடு சாய்ந்து கிடக்கும். கரைவலைக்காரர்கள் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ராத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. மழை விட்டிருந்த ஒருநாள், நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன், நுளம்புவலைத் துண்டோடு இறங்கி, மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட வண்ணாத்தி மீன் ஒன்றை அள்ளிப் பால்மா டின்னில் விட்டாள். உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டே சொன்னாள்:

"இதுக்குக் குளிர் தாங்கல்லடா. பள்ளி ஹவுழ்ல வெயில் படும், தண்ணி இளஞ்சூடா இரிக்கும். கொண்டுபோய் விடு. செத்திச்செண்டா உன்னோட கதைக்கமாட்டன்."

ஹவுழ் என்பது தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி உளூச் செய்யும் தொட்டி. ஆண்கள் பக்கம் என்பதால் அவள் அங்கே வர முடியாது. நான்தான் விட்டேன், நான்தான் ஓரத்தில் குந்தியிருந்து பார்த்தேன். பின்னேரம் அஸர் பாங்குக்கு முன்பே மீன் வயிறு மேலாக மிதந்தது.

தொழ வந்தவர்களுக்கு மீனைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது: செத்தது கிடந்த தண்ணீரில் உளூக் கூடுமா? இரண்டு பேர் வாக்குவாதப்பட, பாங்கு சொல்லும் மோதினார் வந்து தீர்த்துவைத்தார். "கடல் மீன் செத்தாலும் சுத்தம்தான், தண்ணிக்கு ஒண்டுமில்ல." பிறகு என் காதைப் பிடித்தார். "ஆனா ஆரு மனே இந்த வேலை பாத்த? கடல் மீனை நல்ல தண்ணில விட்டா மௌத்தாகாம என்ன செய்யும்?"

கருங்கற்களுக்கிடையே அந்த மீன்களைச் சோரவைத்ததும் குளிரல்ல, வெள்ளத்தோடு வந்த உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் என்று வளர்ந்த பிறகு விளங்கிக்கொண்டேன். பாதி விஷத்திலிருந்து காப்பாற்றி முழு விஷத்துக்குள் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அன்று நான் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ராத்தா நின்றாள். "எப்பிடி இரிக்கி?"

"நல்லா நீந்துது" என்றேன்.

மறுநாளும் கேட்டாள்; சோற்றுப் பருக்கை தின்றது என்றேன். அதற்கடுத்த நாள் மோதினாரின் விரலைக் கொத்தியது. ஒரு மாதத்தில் என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தும் விட்டது. பொய் சொல்லப் பயமாக இருந்தது, நிறுத்த அதைவிடப் பயமாக இருந்தது. நோன்பு வந்ததும் அவளே கேட்பதை விட்டுவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

இந்த வருடம் பள்ளியைப் பெருப்பிக்க ஹவுழை உடைத்து, வரிசையாகப் பைப்புகள் பூட்டிவிட்டார்கள். கருங்கற்களில் பாதி மணலுக்குள் போய்விட்டது. தண்ணிக்கண்ணாடியின் ரப்பர் எப்போதோ வெடித்துத் தூளாகிவிட்டது. பாலமுனையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் ராத்தாவிடம் இதையெல்லாம் சொல்லப் போனபோது அவள் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, அந்த மீன்..." என்று இழுத்தேன்.

"அண்டைக்கே மௌத்தாகிட்டு. மோதினார்ட பொஞ்சாதி மஃரிபுக்கு முந்தியே உம்மாட்டச் சொல்லிட்டா" என்றாள், தலை நிமிராமல்.

"பிறகேன் ஒவ்வொரு நாளும் கேட்ட?"

"நீ சொல்லச் சொல்ல அது வளந்துச்சேடா."

"அப்ப ஏன் கேக்கிறத்த விட்ட?"

கத்தியை ஒருகணம் நிறுத்தினாள். "அந்த நோன்போட, குமர்ப்பிள்ளை இனிக் கடலுக்குப் போகவேணாமெண்டு என்னை நிப்பாட்டினாங்களே, அதுக்குப் பிறகு மீன்ட கதை கேக்க மனமில்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுத்தாள்.