கப்பலிலிருந்து வந்த சோப்புத் தட்டு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நீச்சல் தெரியும், மூழ்கத்தான் வராது. தொப்பை அவரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் இடுப்பில் நாலு ஈயக்கட்டி கட்டினால் அவருக்கு எட்டு. "என்னை முக்குறதுக்கே தனியா ஆள் வேணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் ஞாயிறு தவறாமல், நூற்றைம்பது வருடத்துக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பலை அளந்து வரையும் தன்னார்வக் குழுவோடு கடலுக்குள் இறங்கிவிடுவார்.

குழுத்தலைவி ஓய்வுபெற்ற நில அளவையர். "பாருங்க, அளங்க, படம் எடுங்க. கையை மட்டும் வைக்காதீங்க" என்பது அவர் போட்ட சட்டம். அதற்குக் காவலராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் நம்மவர். ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து வந்த புது ஆளை அரை மணி நேரம் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தார்.

அடுத்த கூட்டத்தில் தலைவி பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"இந்த அறையில ரெண்டு விளக்கு இருந்திருக்கு. ஒண்ணோட பித்தளைத் தட்டு இதோ, படத்துல இருக்கு. இன்னொண்ணு இருந்த இடத்துல மூணு திருகு ஓட்டைதான் மிச்சம். யாரோ கழட்டிட்டாங்க."

"எந்தப் பாவி?" என்று முதலில் குரல் கொடுத்தவர் அவர்தான். பிறகுதான் புகைப்படத்தைப் பார்த்தார். விளிம்பில் கயிறு முறுக்கிய மாதிரி வேலைப்பாடு. அதன் ஜோடி இருபது வருடமாக அவர் வீட்டுக் குளியலறையில் சோப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. முதல்முறை மூழ்கியபோது, அடிவரை போனதை யாரும் நம்பமாட்டார்கள் என்று சாட்சிக்குக் கழற்றி வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"பேசாம அங்கேயே போட்டுட்டு, புதுசா கண்டுபிடிச்ச மாதிரி மேல வாங்களேன்" என்றாள் அவள்.

யோசனை பிடித்துப்போயிற்று. மறுநாள் கடையில் ஆச்சரியப்படுவதற்கு ஒத்திகை பார்த்தார். சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு திருட்டு முழி அவரையே பார்த்தது. சீக்கிரமே கடையைப் பூட்டிக்கொண்டு, தட்டைத் துண்டில் சுற்றித் தலைவி வீட்டுக்குப் போனார்.

தலைவி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எப்படிக் கழட்டுனீங்க, பக்கத்துல என்னென்ன இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க."

வேர்க்க விறுவிறுக்க மூன்று பக்கம் எழுதினார். படித்துக்கொண்டே வந்த தலைவி நிமிர்ந்தார். "அப்ப அந்த அறைக்குக் கூரை இருந்துச்சா? கதவுகூட இருந்துச்சா?"

"இருந்துச்சு. தலையில இடிச்சுக்கிட்டேனே."

"இப்ப ரெண்டுமே இல்ல. பாத்தவங்க வேற யாரும் கிடையாது. ஒரு திருடனோட வாக்குமூலத்தை நம்பித்தான் நான் வரையணும், என் தலையெழுத்து!"

தட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. கதை ஊர் முழுக்கப் போனது. பாதியைப் பரப்பியது அவரேதான். அதன் பிறகு கண் பரிசோதனைக்கு வரும் சிலர் கடை காலியாகும்வரை காத்திருக்க ஆரம்பித்தார்கள். காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க மாமனார் வீட்டுல கிடந்துச்சு" என்பார்கள். ஒரு கரண்டி, ஒரு கதவுப்பிடி, ஒருமுறை திசைகாட்டியின் மூடி.

அவர் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

"உக்காருங்க. நான் உங்களைவிடப் பெரிய ஆளு. கப்பல்ல எந்த இடத்துல எடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க."