கடிதம் படித்துச் சொன்னவள்

வெளிநாட்டில் அச்சான ஓர் ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் என் வாயிலிருந்து போனது. அந்த ஒன்றரைப் பக்கத்தால் என் சிநேகிதியை இழந்தேன். செய்தி, பதிப்பு, மொழிபெயர்ப்பு என்று வருஷக்கணக்காக வகுப்பெடுத்த நான் இதை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசி. சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் வேலை எதுவும் அமையாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இரண்டு தறி. அப்பா ஒன்றிலும் அண்ணன் ஒன்றிலும் உட்கார்ந்துவிட்டால் பேச ஆள் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஊருக்கு வந்து, இங்கிலீஷும் தமிழும் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று என் பழைய பள்ளிக்கூடத்தில் விசாரித்தாள். தலைமையாசிரியை என்னை அனுப்பினார்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒரு செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. இதே கேள்விகளோடு அவளுடைய கூட்டாளிகள் வேறு சில தேசங்களில் அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகம் போடுவதாகத் திட்டம். தெருவில் அவளைத் துரைசாணி என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். ரேடியோ எங்கே கேட்கிறீர்கள், பேப்பர் யார் படித்துக் காட்டுவார்கள், பாகிஸ்தான் சண்டை வந்தபோது முதலில் யார் சொல்லித் தெரியும் என்று கேட்போம். பக்கத்தில் தாமல் கிராமத்துக்கு பஸ்ஸில் போய், ஏரிக்கரையில் வேளாண் நிகழ்ச்சி கேட்கிற விவசாயிகளிடமும் கேட்டோம். எல்லோரும் மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னார்கள். ஆமாம்மா, ரேடியோ கேக்கறோம், நல்லாத்தான் சொல்றாங்க. துரைசாணியின் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தது.

அதனால் அவளை என் சிநேகிதியிடம் அழைத்துப் போனேன்.

அவளும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் அவள்தான். ஆனால் பள்ளியைத் தொடர்ந்தது நான். பதினாறு வயதில் அவளை எங்கள் தெருவிலேயே ஒரு நெசவுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் அக்கம்பக்கத்துப் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பட்டு நூலைத் தார்க்குழலில் சுற்றிக்கொண்டே இருக்க, இவள் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உரக்கப் படிப்பாள். பெண்களுக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அவள் வேலைதான். தபால்காரர் சிலருடைய கடிதத்தை நேராக அவள் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார்.

துரைசாணி அந்தக் கூடத்தில் நான்கு மத்தியானம் உட்கார்ந்தாள். கதையில் சோகம் வந்தால் ராட்டைகள் மெதுவாவதைக் கூடக் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது நாள் நான் தனியாகப் போயிருந்தேன். பெண்கள் இன்னும் வரவில்லை. சிநேகிதி ஓர் இன்லாண்டு லெட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாளுக்கு, பம்பாயில் மில் வேலைக்குப் போன மகனிடமிருந்து வந்தது. அந்த அம்மாள் விதவை. ஒரே மகன்.

“நான் ஒண்ணு பண்ணிக்கினு இருக்கேன்டி. தப்பா சரியான்னு தெரியல” என்றாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த மகன், அங்கேயே ஒரு மராட்டிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எழுதியிருந்தான். கடிதம் வந்த வாரம் அந்த அம்மாள் கடும் ஜுரத்தில் படுத்திருந்தாள். புருஷன் போய் மூன்று மாதம் ஆகியிருக்கவில்லை. இப்போது வேண்டாம், எழுந்து நடமாடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று சிநேகிதி வேறு மாதிரி படித்துவிட்டாள். பம்பாயில் நல்ல மழை, வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லியிருந்தால் முதல் கடிதத்தில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அப்படியே போய்விட்டது. பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்ததாக எழுதினான். அதையும் விழுங்கினாள். பதில் எழுதும்போது அந்த அம்மாள் சொன்னதை மட்டும் எழுதினாள்: எப்போது வருகிறாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

“இத்த யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்” என்றாள். சொல்லி முடித்ததும் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். பாரம் இறக்கியவள் மாதிரி இருந்தாள்.

மறுநாள் துரைசாணி தங்கியிருந்த லாட்ஜில் டைப் அடித்த தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன், உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்றாள் அவள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று காட்ட வேண்டும் போலிருந்தது. அவளிடம் கெட்டிக்காரி என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டேன் என்பதும் உண்மை. சொல்லிவிட்டேன். நல்ல இங்கிலீஷில், ஒரு கதைபோல, மழை வருகிற இடத்தில் நிறுத்திச் சொன்னேன்.

துரைசாணி எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இதைப் புத்தகத்தில் போடலாமா? அந்தப் பெண் சம்மதித்தாளா?

சம்மதித்தாள் என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

அந்த வேலையால் எனக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் டியூட்டர் இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். பெயர்கள் எதுவும் இல்லை. ஊர் மட்டும் இருந்தது. சனிக்கிழமை ஊருக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினேன். சிநேகிதி அதை மடியில் வைத்துப் பக்கங்களைத் தடவினாள்.

“நம்ம தெரு வந்துக்குதா?” என்று கேட்டாள்.

வந்திருக்கிறது, எல்லோரையும் பற்றிப் பொதுவாக எழுதியிருக்கிறாள் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். புத்தகத்தைப் புருஷனிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் கூடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரப் பத்திரிகை வந்திருந்தது. தொடர்கதைக்கு முன்னால் ஒரு பக்கம், காஞ்சிபுரத்தைப் பற்றி வெளிநாட்டில் வந்த புத்தகம் என்று தலைப்புப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரை வந்ததே எனக்குத் தெரியாது. நம்ம ஊரைப் பத்திம்மா, எல்லாரும் கேளுங்க என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்த அம்மாள் எப்போதும்போலச் சுவரோரம் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் பத்தி கோயில்களைப் பற்றி. இரண்டாவது, பெண்கள் கூடிக் கதை கேட்பதைப் பற்றி. நம்மளத்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது பத்தியில், கடிதம் படித்துச் சொல்லும் ஒரு பெண், பம்பாய் மில்லில் வேலை செய்யும் ஒரு மகன் என்று இரண்டு வரி படித்தவள் நின்றாள்.

எத்தனையோ கடிதத்தைக் கண்ணெதிரே மாற்றிப் படித்தவள். அன்றைக்கு அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, பத்தாவது படித்தவள், இன்னா ஆச்சு அக்கா, கண்ணு வலிக்குதா என்று கேட்டுப் பத்திரிகையை வாங்கிக் கடைசி வரை படித்துவிட்டாள். மராட்டிப் பெண், குழந்தை, மழை, எல்லாம் அதில் இருந்தது. ராட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அம்மாளின் ராட்டைதான் கடைசியாக நின்றது.

“கொயந்த ஆணா பொண்ணா?” என்று கேட்டாள்.

சிநேகிதி, பொண்ணு என்றாள்.

“எத்தினி வயசு?”

“அஞ்சு முடிஞ்சிருக்கும்.”

அந்த அம்மாள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டாள். ராட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“எனக்கு ஒரு பேத்தி இருந்துக்கினே இருக்குது. நீ எனக்கு மழையப் படிச்சிக் காட்னியேம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அவள் எதிர்வீட்டுப் பெண்ணை வைத்து மகனுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்லி மூன்று தடவை எழுதினேன், நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, என்னைத் தலைமுழுகிவிட்டாய் என்று நினைத்தேன், நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தான். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வந்தான். பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ள ஒரு பாஷை இல்லை. பத்து நாள் இருந்துவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனான். அந்த வீட்டில் வேறு குடித்தனம் வந்தது. போகும்போது அந்த அம்மாள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டாள். சிநேகிதி வீட்டுக்குப் போகவில்லை.

மற்றப் பெண்கள் சண்டைக்கு வரவில்லை. ஒருத்தி மட்டும், என் தம்பி எழுதினதையும் மாத்தித்தான் படிச்சியா என்று கேட்டாள். பிறகு கடிதங்கள் எதிர்வீட்டுக்குப் போயின. மத்தியானக் கூட்டமும் நின்றது. தெருக்கோடி வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார்கள். ராட்டைகள் அங்கே போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் எதுவும் போடவில்லை, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

“பேரு எதுக்குடி? எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். நான் உன்கிட்டதானே சொன்னேன்” என்றாள். பிறகு அவளே எனக்கு ஒரு வழி வைத்தாள். “அந்தத் தொரசாணியம்மா உன்னக் கேக்காமப் போட்டுட்டாங்களா?”

ஆமாம் என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை பட்ட இடம் எனக்கு வெகுநாள் எரிந்தது.

மனசு கேட்காமல் துரைசாணிக்கு எழுதினேன். நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. அவள் நேர்மையானவள். பதிலை எனக்கு எழுதாமல், தெரு விலாசத்துக்கு, என் சிநேகிதியின் பெயருக்கு எழுதிவிட்டாள், இங்கிலீஷில்.

அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அந்தக் கடிதம் பிரிக்காமல் எனக்காகக் காத்திருந்தது. படித்துச் சொல் என்று கொடுத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

படித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். உங்களுக்கு நேர்ந்ததைக் கேட்டு மிகவும் வருந்துகிறேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கங்கள் இருக்காது. உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாட்களை மறக்கவில்லை. என்னை மன்னியுங்கள்.

கடிதத்தை மடித்தேன்.

“நடுவுல ஒரு வரி வுட்டுட்டே” என்றாள்.

இல்லை என்றேன்.

“கண்ணு தாண்டிச்சு. எனக்குத் தெரியாதா அது? படி.”

மறுபடி பிரித்தேன். நீங்கள் சம்மதித்ததாக உங்கள் சிநேகிதி என்னிடம் சொன்னதால்தான் அதை வெளியிட்டேன், உங்களையே நேரில் கேட்டிருக்க வேண்டும். அதைப் படித்தேன். கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். காபி கொண்டுவந்து வைத்தாள்.

“சாப்புடுங்கம்மா. ஆறிடப் போவுது” என்றாள்.

பதினைந்து வருஷமாக என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட்டவள். அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. கோயிலில் பார்த்தாலும், கடையில் பார்த்தாலும், வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா, பசங்க எப்பிடி இருக்குதுங்க என்று சிரித்த முகமாகக் கேட்பாள். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நானாகக் கேட்டால், இருக்கேம்மா என்பாள்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவள் இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது என்று அண்ணி சொன்னாள். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றாள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து பாய் விரித்தார்.

வயிற்றில் கட்டி. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் இருந்தாளாம். என் கல்லூரியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ், கால் மணி நேரம். அந்த ஏழு வாரத்தில் அந்த வழியாக நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

“உங்களுக்கு ஒரு கார்டு போடட்டுமான்னு கேட்டேம்மா. வேணாம், அவங்களுக்கு வேல இருக்கும்னுட்டா” என்றார்.

வேறு எதுவும் சொன்னாளா என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு கிழவிக்குத் தினம் பேப்பர் படித்துக் காட்டினாள் என்றார். அது நல்ல சேதியோ கெட்ட சேதியோ, இருக்கிறது இருக்கிறபடிதான் படித்தாளாம். கிழவி போதும் என்றால்கூட முழுதும் படித்து முடித்துவிட்டுத்தான் படுப்பாளாம்.

நான் பாயில் உட்கார்ந்தபடியே இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தறியில பாவு நூலு காய்ஞ்சிடும்மா என்று சொல்லித் தறிக்குப் போனார்.