மூங்கிலடிச் சருகு

பூங்கி, உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது நான் நம் அடுக்குமாடி சொசைட்டியின் பின்வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். "போயிட்டாக்கா" என்றார். துடைப்பத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மிச்ச வாசலையும் பெருக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இங்கே தாபோடியில் எல்லாருக்கும் நீ தோட்டம் கூட்டுகிறவள். அவ்வளவுதான் தெரியும். மற்றதை நான்தான் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நல்ல பேர் வாங்க வேண்டுமென்று மூங்கில் புதரடியில் ஒரு சருகு விடாமல் கூட்டி மூட்டை கட்டினேன். நீ திட்டவில்லை. மூட்டையை அவிழ்த்து, திரும்பக் கொட்டிப் பரப்பினாய். "இது குப்பை இல்லக்கா. ஒருத்தரோட சோத்துத் தட்டு" என்றாய்.

அந்த ஒருத்தர் ஆறுமணிக்குருவி. மழை தொடங்கும்போது வரும். சருகைப் புரட்டிப் புழு தின்னும். இங்குள்ள மராத்திக்காரர்கள் நவரங், ஒன்பது நிறம், என்கிறார்கள். அத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது. சாயங்காலம் ஆறு மணிவாக்கில் இரண்டு விசில் மட்டும் கேட்கும். நீ பார்த்திருக்கிறாய். நான் ஓடி வருவதற்குள் புதருக்குள் போய்விடும். "உங்க வளையல் சத்தம் அதுக்குப் பிடிக்கலக்கா" என்று கிண்டல் செய்வாய்.

சருகை அள்ளச் சொல்லி சூப்பர்வைசர் கத்தினால், "தஸ் மினட், சாப்" என்பாய். அந்தப் பத்து நிமிடம் இரண்டு வருடம் ஓடியது.

இந்த வருடம் மழைக்கு முன்பே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வரும்போதெல்லாம் உடம்பைப் பற்றிப் பேசவிடமாட்டாய். "வந்துச்சாக்கா?" என்றுதான் கேட்பாய். மழை விழுந்து பத்து நாளாகியும் அது வரவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று, உன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வந்துச்சுடி. நானே பாத்தேன்."

"எப்படிப் போச்சு?"

"எப்படின்னா? கோழி மாதிரி நடந்து போச்சு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு சிரித்து, என் கையைத் தட்டிக்கொடுத்து, "அப்ப சரிக்கா" என்றாய்.

உன் காரியம் முடிந்து வேலைக்கு வந்துவிட்டேன். மூங்கிலுக்கு நாலு முழம் முன்னாலேயே என் துடைப்பம் நின்றுவிடுகிறது. சூப்பர்வைசரிடம் நானும் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். சாயங்காலமானால் வளையலை மேலே தள்ளி முந்தானையால் சுற்றிக்கொள்கிறேன்.

நேற்று விசில் கேட்டது. அசையாமல் நின்றேன். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, நீ சொன்னபடியே. சருகைப் புரட்டியது. ஒரு அடிகூட நடக்கவில்லை, பூங்கி. தத்தித் தத்தித்தான் போனது.

அன்றைக்கே தெரிந்துதான் சிரித்தாயா?